கம்பம்மெட்டில் பதினான்காவது நகர்த்தல்

1974 ஆகஸ்டில் நான் கம்பம்மெட்டுக்குப் போனது இயற்கையை ரசிக்க அல்ல. எங்கள் ஏலக்காய் கம்பெனியின் சதுரங்கப் போட்டியில் தெரியாத்தனமாக இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டேன். எதிராளி மானேஜர்; ஆட்டம் கம்பம்மெட்டு மலையில், கம்பெனிக் கிடங்கில். என்னைப் பாலக்காட்டு ஆபீஸிலிருந்து, அதே மலையில் இருக்கும் உடும்பஞ்சோலைக்கு மாற்றும் உத்தரவு அவர் கையெழுத்துக்குக் காத்திருந்தது. எனக்குக் கல்யாணமாகி நாற்பது நாள். மனைவிக்குப் பாலக்காட்டில் பள்ளிக்கூட வேலை.

காலை ஐந்தரைக்குப் பாலக்காட்டில் பஸ் ஏறி, பொள்ளாச்சியிலும் பழனியிலும் மாறி, மாலையில் கம்பம் சேர்ந்தேன். மறுநாள் ஏழு மணிக்கு ஜீப். பதினான்கு கிலோமீட்டர், இரண்டு ரூபாய். மூடுபனியில் சாலை தெரியவில்லை; பள்ளம் மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"கதவப் புடிக்காதீங்க சார்," என்றார் டிரைவர். "அதுவும் ஒங்களோட வந்துரும்."

ஆட்டத்தில் எனக்கு வெள்ளைக் காய்கள். 1972 ரெய்க்யவிக் உலகப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தைப் பத்திரிகையிலிருந்து மனப்பாடம் செய்திருந்தேன். ராணி காம்பிட் என்ற தொடக்கம், வெள்ளை ஜெயிக்கும். வேறு ஆட்டம் எனக்குத் தெரியாது. மானேஜரோ, அதில் தோற்றவர் ஆடியதையே வரிசையாக ஆடிக்கொண்டிருந்தார். நான் ஜெயித்துவிடுவேன் போலிருந்தது. அவரை ஜெயித்துவிட்டுப் பாலக்காட்டிலேயே வேலை பார்ப்பவர் யாராவது உண்டா என்று யோசித்தேன். ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

பதினான்காவதில் என் பிஷப் முன்னேறியது. பத்திரிகையில் கறுப்பு இதற்கு ஓரச் சிப்பாயை நகர்த்தும். மானேஜர் ராணியை நகர்த்தினார்.

"ஏந் தம்பி, காயிதத்துல இது இல்லீங்களா?" என்றார். "நானும் அதேதான் படிச்சனுங்க. இந்த எடத்துலதான் அவரு தப்புப் பண்ணீட்டாருன்னு ரெண்டு வருசமா ஓசனைங்க."

அதன்பின் என் சொந்த மூளையால் ஆட வேண்டியிருந்தது. ஜெயித்துவிடுவோமோ என்ற பயம் உடனே விலகியது. முப்பத்தொன்றாவது நகர்த்தலில், எந்தப் பாசாங்கும் தேவைப்படாமல், தோற்றேன்.

மானேஜர் உத்தரவை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"சார், நான்தான் தோத்துட்டேனே."

"அதனாலதானுங்க. இப்ப ரத்துப் பண்ணுனா, நீங்க வேணும்னே தோத்தீங்கன்னு சனம் பேசுமுங்க. ரெண்டு பேருத்துக்கும் கேவலம்."

"ஜெயிச்சிருந்தா?"

"கோவத்துல மாத்துனேன்னு பேசும். அதுக்குப் பயந்து உங்கள அங்கயே உட்டிருப்பனுங்க." கையெழுத்துப் போட்டார்.

பயப்படுவதில் தவறில்லை. எதற்குப் பயப்படுவது என்பதில்தான் எனக்குத் தேர்ச்சி போதவில்லை.

அந்தப் பக்கம் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் பனி காலை பத்து மணிக்கு மேல்தான் விலகும். மூன்று வருஷம் தினமும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.