தோளில் இறங்கிய கம்பி

தோலை நம்பக்கூடாது என்று அந்த மருத்துவர் சொன்னார்.

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் முகங்கள். அந்த மருத்துவர் எலும்பு வைத்தியத்தில் மேல்படிப்பு படிப்பவர். கை உயரும்போது தோள்பட்டை எலும்பு எப்படி நகர்கிறது என்பது அவர் ஆராய்ச்சி. படம் எடுக்க என்னைக் கூப்பிட்டார்.

சுவரில் கட்டம் போட்ட தாள். அதன் முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார் ஓர் உவரிக்காரர். கட்டுமரத்தில் துடுப்பு வலித்து வலித்து இறுகிய முதுகு. வலது தோள் சில மாதமாகப் பாதி வழியில் பிடிக்கிறது. தோள்பட்டை எலும்பு நகர்ந்தால் பயிற்சி போதும், நகராவிட்டால் கத்திதான் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். கத்தி பட்டபின் மறுபடி கடலுக்குப் போவது நிச்சயமில்லை.

முதல் நாள் தோலில் மையால் புள்ளி வைத்தோம். அவர் வலது கையால் சிலுவை போட்டுக்கொண்டார்.

"மூஞ்சி விழாதுன்னா நான் எதுக்குவே சவரம் பண்ணிட்டு வந்தேன்?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தபடியே கையைத் தூக்கினார். கோணலாக, முனகலோடு, ஆனால் காதுக்கு மேலே போனது. புள்ளிகள்தான் பின்தங்கிவிட்டன. எலும்பு உள்ளே ஓட, தோல் அதன்மேல் ஈரச் சட்டை போல வழுக்கியது.

"பாத்தீங்களா? தோல் பொய் சொல்லுது," என்றார் மருத்துவர்.

மறுவாரம் கம்பி. மரத்துப்போக ஊசி போட்டு, பட்டை எலும்பில் ஒன்று, மேற்கை எலும்பில் ஒன்று இறக்கினார். அந்தத் துளைக்கும் சத்தம் தச்சுப்பட்டறையில் கேட்டிருந்தால் நான் திரும்பியே பார்த்திருக்கமாட்டேன். சதைக்கு வெளியே நீண்ட கம்பிகளின் முனையில் வெள்ளைத் தக்கை. தக்கை நகர்ந்தால் எலும்பு நகர்ந்ததாக அர்த்தம்.

"தூக்குங்க அண்ணாச்சி."

கை நெஞ்சு மட்டத்தில் நின்றது.

"வலிக்கா?"

"வலிக்கல சார்."

"பொறவு தூக்குங்க."

"தூக்கத்தான செய்யுதேன்."

தூக்கினார். இடுப்பைச் சாய்த்து, கழுத்தை இழுத்து, உடம்பு முழுவதையும் தூக்கினார், தோளை மட்டும் விட்டுவிட்டு. மரத்த சதைக்கு வலி தெரியாது, கம்பி இருப்பது தெரியும். தளும்பும் குடத்தைச் சுமக்கிறவள் கழுத்து போல அந்தத் தோள் அசையாமல் இருந்தது. நான் கேமராப் பொத்தானை அமுக்கினேன், அமுக்கிக்கொண்டே இருந்தேன். அவர் முதுகுத்தண்டில் வேர்வை இறங்கியது.

வாசலில் நின்ற அவர் மனைவி சத்தம் போட்டாள்.

"ஏங்க, என்ன பீச்சாங்கையால சிலுவ போடுதிய? மாதாவுக்கு அடுக்குமா?"

அப்போதுதான் பார்த்தேன். வலது கை மடியில் கிடந்தது. இடது கை நெற்றியிலிருந்து இறங்கி நெஞ்சில் திகைத்து நின்றது. அவருக்கே அது தெரியவில்லை. "சும்ம கெட மூதி," என்றார். வலது கை எழவில்லை.

மருத்துவரும் பார்த்தார். "பிலிம் இன்னும் இருக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

கழுவிய படங்களைக் கொடுக்கப் போனபோது சொன்னேன். "கம்பி இல்லாதப்போ காதுக்கு மேல போச்சே சார்."

"கை போச்சு. எலும்பு போச்சாங்கதுதான் கேள்வி."

"கம்பி குத்திக்கிட்டு இருக்கையில அது எப்படி சார் போகும்?"

படத்தின்மேல் கோணமானியை வைத்திருந்தவர் நிமிர்ந்தார். "கம்பி இல்லாம அத எப்படிப் பாக்க?" என்றார். கேலியில்லை, கோபமில்லை. என்னைத்தான் கேட்டார். கெட்ட மனிதரில்லை, துளைத்த காயம் ஆறும்வரை தினமும் அவரே கட்டு மாற்றினார்.

படங்களைப் பார்த்த பெரிய டாக்டர் கத்தி என்றார்.

அடுத்த வருஷம், ஒரு பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குப் படமெடுக்க உவரி போனேன். கட்டுமரங்கள் கரையேறிக்கொண்டிருந்தன. வலது தோளில் தையல் தழும்போடு அவர் மணலில் உட்கார்ந்திருந்தார். மனைவி சட்டை மாட்டிவிட்டாள்: முதலில் வலது கை, மெதுவாக, காய்ந்த கருவாட்டை ஒடியாமல் எடுப்பதுபோல.

"போட்டோக்காரரே, அந்தப் படத்துல எலும்பு தெளிவா விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"நகரலதான?"

"நகரல."

தலையை ஆட்டினார். "அப்பம் சரி. எலும்பே சொன்ன பொறவு நாம என்னத்தச் சொல்ல."

பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவள் தலை நிமிரவே இல்லை.