மாப்பிள்ளை தூக்கிய குழம்பு வாளி

என் இடுப்புச் சுற்றளவுக்கும் சர்க்கார் உத்தியோகத்துக்கும் தொடர்பு உண்டு என்பது எனக்கு இருபத்தெட்டாவது வயதில்தான் தெரிந்தது. ஐம்பதுகளின் கடைசி அது. குளத்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் மூன்று வருஷமாகத் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்தேன். ஒரு நாள், நிரந்தரம் ஆக்குகிறோம், டாக்டர் சர்டிபிகேட் கொண்டுவா என்று உத்தரவு வந்தது. சந்தோஷமாகப் புதுக்கோட்டைக்குப் போனேன். போகிற வழியில் அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாட நாலு போண்டாவும் சாப்பிட்டேன்.

டாக்டர் கையில் பட்டியைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். மேடையில் ஏற்றி எடை பார்த்தார். அப்போது எடையெல்லாம் ராத்தலில்தான், ஒரு ராத்தல் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பிறகு என்னைப் பார்த்தார். அந்த மூன்றாவது பார்வைதான் கொஞ்சம் நீளம்.

"நூத்தி எழுபத்தி நாலு ராத்தல். ஒங்க உயரத்துக்கு இது ஒண்ணரை ஆளு. அழுத்தமும் ஜாஸ்தி. ரெண்டு மாசம் தர்றேன். நூத்தி அறுபதுக்கு எறங்கி வாங்க, கையெழுத்துப் போடுறேன்."

"எறங்கலேன்னா சார்?"

"லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குப் போயிடும். அவரு ஒல்லியா இருந்தா அவரோட அதிர்ஷ்டம்."

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. நான் பெண் பார்க்கப் போனபோது, "மாப்பிள்ளை சர்க்கார் உத்தியோகம்" என்று தரகர் என் மாமனாரிடம் சொன்னார். 'தற்காலிக' என்ற சொல்லை அவர் விழுங்கிவிட்டார். நான் திருத்தியிருக்கலாம். ஆனால் அந்த நேரம் என் வாயில் அதிரசம் இருந்தது. அதிரசம் தீர்ந்தபோது பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அன்றிலிருந்து மாமனார் வீட்டுக்கு நான் நிரந்தரக் குமாஸ்தா. மனைவிக்கு மட்டும், கல்யாணமான இரண்டாம் மாதத்திலிருந்தே உண்மை தெரியும். "அய்யாவுக்குத் தெரிய வேணாம், பெர்மனெண்ட் ஆனப்புறம் சிரிச்சுக்கலாம்" என்று தன் அப்பாவைப் பற்றிச் சொல்லியிருந்தாள். ஆகவே வேலை போனால் வேலை மட்டும் போகாது, மானமும் கூடவே பஸ் ஏறிவிடும்.

டாக்டர் ஒரு தாள் கொடுத்திருந்தார். எதில் எத்தனை கலோரி என்று டைப் அடித்த பட்டியல். ரொட்டி, வெண்ணெய், அவித்த உருளைக்கிழங்கு, ஆப்பிள் எல்லாம் இருந்தன. இட்லி இல்லை. பணியாரம் இல்லை. முறுக்கு என்ற ஒரு பொருள் உலகத்தில் இருப்பதே அந்தத் தாளுக்குத் தெரியவில்லை. தாளில் இல்லாததில் கலோரியும் இல்லை என்று முதல் வாரம் முழுக்க நம்பினேன். மனைவி கண்டுபிடித்துத் தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். "சோறு ஒரு அகப்பை, காய் ரெண்டு அகப்பை. இதுக்கு இங்கிலீசு வேணாம்" என்றாள்.

திங்கள் முதல் வெள்ளி வரை நான் ஒரு முனிவர். மதியத்துக்குக் கேழ்வரகு ரொட்டி, வெள்ளரிப் பிஞ்சு, மோர். சனிக்கிழமை மதியம் அலுவலகக் கதவைச் சாத்தியதும் முனிவர் பஸ் ஏறுவார். யார் வீட்டிலாவது காதுகுத்து இருக்கும், புதுமனை புகுதல் இருக்கும். எதுவும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலக நண்பர்களோடு குன்றாண்டார்கோவில் போனேன். குடைவரையைப் பார்த்தது கால் மணி நேரம். தூக்குவாளியில் கொண்டுபோன புளிச்சோற்றைப் பார்த்தது இரண்டு மணி நேரம்.

வாராவாரம் எங்கள் தெருவிலிருந்த அரிசி மில்லில், மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் எடை பார்ப்பேன். மில்காரர் ரகசியம் காக்கத் தெரியாத மனிதர். "இந்த வாரம் ரெண்டு ராத்தல் ஏறியிருக்கீங்க! அடுத்த மூட்டையத் தூக்குப்பா!" என்று நெல் கொண்டுவந்த அத்தனை பேருக்கும் கேட்கச் சொல்வார்.

நான் ஒரு தந்திரம் செய்தேன். சனிக்கிழமை பூராவும் பட்டினி கிடந்து, மிச்சம் பிடித்ததை ஞாயிற்றுக்கிழமை சாப்பிடுவது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சனிக்கிழமை விட்டது மூன்று இட்லி, ஞாயிற்றுக்கிழமை பிடித்தது பதினொன்று.

"கட்டிப்போட்ட மாட்டக் கடலக்கொல்லையில அவுத்துவிட்ட மாதிரில்ல இருக்கு" என்றாள் மனைவி.

டாக்டரும் அதையேதான் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். வெறும் வயிற்றோடு விருந்துக்குப் போகாதே, வீட்டில் ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போ. என்ன சாப்பிடுவது என்பதைப் பந்தியில் உட்கார்ந்து யோசிக்காதே, வீட்டிலேயே முடிவு பண்ணு. பஸ்ஸை விட்டு ஒரு மைல் முன்னால் இறங்கி நட. அவர் சொன்னபடி செய்தேன். எடை இறங்கியது. இவ்வளவு சாதாரணமான யோசனை பலித்துவிட்டதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் வருத்தம்தான்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை, மில்லில் நூற்று அறுபத்தொன்று காட்டியது. திங்கட்கிழமை காலை டாக்டர். நடுவில் இருந்தது ஒரே ஒரு ஞாயிறு, ஒரே ஒரு ராத்தல். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கறம்பக்குடிப் பக்கம் மாமனார் வீட்டுக் குலசாமிக்குக் கிடா வெட்டு.

போகாமல் இருக்க முடியாது. போனால் சாப்பிடாமல் இருக்க முடியாது. அந்தச் சாமிக்கு ஒரு கண்டிப்பு உண்டு. அங்கே ஆக்கியது எதுவும் எல்லைக் கல்லைத் தாண்டக்கூடாது. பொழுது சாய்வதற்குள் அங்கேயே தின்று தீர்க்க வேண்டும். அன்றைக்கு மூன்று கிடாய். அதோடு முதல் பந்தி மாப்பிள்ளைகளுக்கு. தலைவாழை இலை, நெஞ்செலும்பு, ஈரல், கேட்காமலே இரண்டாம் முறை.

வீட்டில் ஒரு கிண்ணம் கூழும் வெள்ளரிப் பிஞ்சும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். ஒரு அகப்பைச் சோறு, இரண்டு துண்டு கறி என்று நானும் மனைவியும் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டோம். புளியமரத்தடியில் பந்தி விரித்தார்கள். என் இலைக்கு முன்னால் உட்காரப் போனவன், மூன்று ஆட்கள் வாளியோடு என்னை நோக்கி வருவதைப் பார்த்தேன். அந்த நொடியில் எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. பரிமாறுகிறவன் கடைசியில்தான் சாப்பிடுவான். கடைசிக்குள் கறி தீர்ந்துவிடும். பக்கத்தில் இருந்த குழம்பு வாளியை எடுத்துக்கொண்டு, "நீங்க உக்காருங்க, நான் போடுறேன்" என்று கரண்டியை விட்டு அள்ளினேன்.

பந்தி முழுக்கக் கை நின்றுவிட்டது.

பெண் கொடுத்த வீட்டில் மாப்பிள்ளை வாளி தூக்குவது என்றால், எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். 'எனக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை, நான் இங்கே வேலையாள்தானே' என்று குத்திக் காட்டுவது. இது எனக்கும் தெரியும். ஒரு ராத்தல் நினைப்பில் மறந்துபோனேன். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மைத்துனர்தான் முதலில் ஓடிவந்தார். மனைவிக்கு மூத்த அண்ணன். "மாப்ளே, போன வருசம் ஒங்க எலைக்கு ஈரல் வரல. அதானே? இந்தா" என்று ஆளில்லாத என் இலையில் ஒரு கரண்டி ஈரலைக் கொட்டினார்.

"அதெல்லாம் இல்லைங்க."

"அப்ப நெஞ்செலும்பு." இன்னொரு கரண்டி.

நான் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல இலையில் மலை வளர்ந்தது. அப்புறம் மாமனார் வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, என்ன கொறை வச்சோம்? நேர்ல வந்து அழைக்கலேன்னு நெனச்சீங்களா? என்னன்னு சொல்லுங்க. ஒங்க மனசு ஆறாம நான் இன்னைக்குச் சோத்துல கை வைக்க மாட்டேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. அவர் சாப்பிடாவிட்டால் யாரும் சாப்பிட முடியாது. மூன்று கிடாயும் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கமே ஆறிப்போகும். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு மரமாக நின்றேன். இந்த முறை வாயில் அதிரசம்கூட இல்லை, சாக்குச் சொல்ல.

மனைவி முன்னால் வந்தாள். "அய்யா, அவுங்களுக்குக் கோவமெல்லாம் இல்ல. நாளைக்குள்ள இன்னும் ஒரு ராத்தல் எறங்கணும். எறங்கலேன்னா டாக்டர் கையெழுத்துப் போட மாட்டாரு. வேல பெர்மனெண்ட் ஆகாது."

"பெர்மனெண்ட் ஆகாதா? அப்ப இத்தன நாளா?"

"டெம்பரரிதான்."

நான் குனிந்து என் வயிற்றைப் பார்த்தேன். அந்த நேரத்தில் என் பக்கம் இருந்தது அது ஒன்றுதான். மாமனாரும் அதையேதான் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"டெம்பரரியா இருக்கும்போதே இப்புடின்னா, பெர்மனெண்ட் ஆனா என்ன ஆவீங்க மாப்பிள்ளை?"

பந்தி குலுங்கியது. மாமியார் முந்தானைக்குள்ளேயே சிரித்தார். நான் சிரித்தபோது வாளிக் குழம்பு பாதி என் வேட்டியில். மாமனார் துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் உத்தரவு.

"அந்த எலையில அவரு கை படலேல்ல? எச்சியில்ல. எடுத்துப் பிரிச்சுப் போடுங்க. ஈரல எனக்குப் போடு. வாளிய அவருகிட்டயே குடுங்க. வேர்க்கட்டும்!"

நாலு பந்தி. வெயில் தலையில் இறங்கியது. "மாப்ளே, இங்கிட்டு ரசம்!", "மாப்ளே, அங்கிட்டு ஆளு பாத்துக்கிட்டு இருக்காக!" என்று வேண்டுமென்றே என்னை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் விரட்டினார்கள். மாமனார் என் பங்கு ஈரலை ஒரு துண்டு விடாமல் மென்றார், என் வேலைக்காகவே மெல்லுகிற முகத்தோடு. கடைசிப் பந்தியில் நான் உட்கார்ந்தபோது, நாலு பந்தி வாசனையை மூக்கிலேயே சாப்பிட்டுவிட்டதால் பசி பாதியாகியிருந்தது. ஒரு அகப்பைச் சோறு, இரண்டு துண்டு, ரசம். மெதுவாகச் சாப்பிட்டேன். மூன்றாவது துண்டு கொண்டுவந்தவரை மாமியாரே விரட்டிவிட்டார்.

திங்கட்கிழமை டாக்டர் முள்ளைப் பார்த்தார். "நூத்தி அம்பத்தொம்பதரை. பரவாயில்லையே! ஞாயித்துக்கிழம வீட்டுலயே இருந்தீங்களாக்கும்?"

"இல்ல சார், கெடா வெட்டுக்குப் போயிருந்தேன்."

கையெழுத்தில் பாதி போட்ட பேனா நின்றது. என்னை மறுபடி மேடையில் ஏற்றினார். முள் அதே இடத்தில் நின்றது. மீதிக் கையெழுத்தையும் போட்டார்.

வெளியே வந்தால், வாசலில் மனைவியோடு மாமனார். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். வேலையைப் பற்றிக் கேட்கவில்லை, இத்தனை நாள் பொய்யைப் பற்றியும் கேட்கவில்லை.

"எத்தன ராத்தல்?"

"நூத்தி அம்பத்தொம்பதரை, மாமா."

விரலை மடக்கி ஏதோ பார்த்தார். "கேட்டது நூத்தி அறுபதுல்ல? அப்ப அரை ராத்தலுக்கு எடம் கெடக்கு. வாங்க மாப்பிள்ளை" என்று எதிரே இருந்த இட்லிக் கடையைப் பார்த்து நடந்தார்.

"ரெண்டு இட்லிதான் அய்யா" என்றாள் மனைவி பின்னாலிருந்து.

"சட்னி?" என்றேன் நான்.