ரெண்டு தெரு தள்ளி ஒரு ஸ்கூட்டர்

“ஆளே போயாச்சு. இன்னும் யாரைப் பார்க்க வர்றீங்க?”

கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு மெரின் கேட்டாள். வாசலில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நிர்மலாதேவி நின்றாள்.

“உங்களைத்தான்.”

“எனக்கு ஒரு நோயும் இல்ல.”

“தெரியும். குடிக்கத் தண்ணி குடுங்க. தவளக்குப்பத்துலருந்து வர்றேன், வெயில் மண்டையைப் பொளக்குது.”

தண்ணீர் கேட்டவளை வாசலோடு அனுப்ப முடியாது. எரிச்சலோடு வழிவிட்டாள்.

நிர்மலாதேவி ஒரு மருத்துவமனையின் வலி தணிப்புப் பிரிவில் சமூகப் பணியாளர். பன்னிரண்டு வருஷமாக அதே வேலை. மருந்தை டாக்டர் பார்த்துக்கொள்வார். மிச்சமெல்லாம் இவள் தலையில். உதவித்தொகைக்கு மனு எழுதுவது, பேச்சு வார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகளைக் கட்டிலருகே கொண்டுவந்து நிறுத்துவது, செத்த பிறகு அந்த வீட்டில் போய் உட்காருவது. ஸ்கூட்டரை எப்போதும் ரெண்டு தெரு தள்ளித்தான் நிறுத்துவாள். அது ஒரு வாசலில் நின்றால் அந்த வீட்டில் யாரோ சாகக் கிடப்பது தெருவுக்கே தெரிந்துவிடும். பையில் மருத்துவமனைப் பெயர் இருக்கும் பக்கத்தை இடுப்போடு ஒட்டிப் பிடித்திருப்பாள். ஒருமுறை ஒருவர் டம்ளரை எடுத்து வீசினார். அடுத்த வாரமும் போனாள்.

மெரினுக்கு மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிரஷர் கேஜ்களைச் சரிபார்க்கும் வேலை. பொய் அளவு காட்டும் கேஜுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிடுவாள். வீட்டில் அவளே பொய் அளவு காட்டினாள். அப்பா அருளானந்தத்துக்குக் கணையத்தில் புற்றுநோய். அவரிடம் அல்சர் என்றாள். அம்மா இல்லாத வீடு. பகலில் அப்பாவோடு இருக்க ஓர் அம்மாளை ஏற்பாடு செய்து தந்ததும் நிர்மலாதேவிதான். முதல் நாளே சொல்லிவிட்டாள்: “அவரா கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்.”

“கேட்க மாட்டார்,” என்றாள் மெரின்.

ஒரு புதன்கிழமை பங்குச் சாமியார் அவஸ்தை பூச, சாகப்போகிறவர்களுக்குக் கடைசியாகப் பூசும் எண்ணெயோடு வந்தார். மெரின் மாடிப்படியிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினாள். அங்கியைப் பார்த்தாலே சாவு வந்துவிட்டதென்று அப்பாவுக்குத் தெரிந்துவிடும். ஐந்தாம் நாள் அப்பா போய்விட்டார். அடக்கத்தில் வெரோனிகா அத்தை அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள்: “எண்ணெய்கூடப் படாம அனுப்பிட்டியேடி, பாவி!”

இருபத்தொன்பது நாளாக அந்த ஒரு வரிதான் மண்டைக்குள்.

“சாமியாரை நான் திருப்பி அனுப்பினது உங்களுக்கும் தெரியும். தடுத்திருக்கலாம் இல்ல? ஒரு அறை விட்டிருக்கலாம் இல்ல?”

நிர்மலாதேவி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அவர் பூசிக்கிட்டார், மெரின்.”

“என்னா?”

“மறுநாளே. நீங்க ஷிப்ட்ல இருந்தீங்க. ‘அல்சருக்கு எவன்மா மார்ஃபின் குடுப்பான்’னு கேட்டார். நான் பொய் சொல்லல. தவளக்குப்பம் பக்கத்துலருந்து ஒரு சாமியாரைக் கூட்டியாந்தேன். பேண்ட் சட்டையில வரச் சொன்னதுகூட உங்கப்பாதான். அங்கியோட வந்தா எதிர்வீட்டுக்காரி உங்ககிட்ட போட்டுக் குடுத்துடுவாளாம். ‘பாப்பா தாங்காது, சொல்லிடாத’ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார்.”

நெஞ்சிலிருந்து கல் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. கொதித்தது.

“நாலு நாள்! அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து கிரிக்கெட் பார்த்தோம்! உங்களுக்கு மட்டும் எல்லாம் தெரியும். அவர் எனக்கு அப்பாவா, உங்களுக்கு அப்பாவா? ஒரு மாசம் கழிச்சு வந்து சொல்றீங்க!”

“ரெண்டு தடவை வந்தேன். கதவே திறக்கல நீங்க. போனைக் கட் பண்ணீங்க. இது மெசேஜ்ல எழுதற விஷயமா?” நிர்மலாதேவி குரலை உயர்த்தவில்லை. “ஆனா ஒண்ணு. அவர்கிட்ட சண்டை போட்டாவது உங்க ரெண்டு பேரையும் எதிரெதிரே உக்கார வெச்சுப் பேச வெச்சிருக்கணும். அதுதான் என் வேலை. சத்தியம் பண்ணிட்டு சும்மா இருந்துட்டேன். தப்புதான்.”

அந்த ஒப்புதலையும் மெரினால் பொறுக்க முடியவில்லை. இவள் வாதாடியிருந்தால் நன்றாகத் திட்டியிருக்கலாம்.

“எனக்குன்னு எதாவது சொன்னாரா?”

“இல்ல.”

“ஒண்ணுமேவா?”

“சொல்லியிருந்தா வாசல்லயே சொல்லியிருப்பேன்.”

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? சொல்லவில்லை. இந்த வீட்டில் மாதக்கணக்கில் யாரும் செய்யாத காரியம் அது.

“வெளிய போங்க.”

நிர்மலாதேவி ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள். “நாளைக்கு முப்பதாம் நாள் பூசை. கோயில்ல பின்னாடி நிப்பேன். வியாழக்கிழமை திரும்ப இங்க வருவேன்.”

மெரின் கதவைச் சாத்தினாள். உடனே திறந்து, படியிறங்குகிற முதுகைப் பார்த்து, தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்:

“வந்தா ஸ்கூட்டரை வாசல்லயே நிறுத்துங்க! இனி இங்க யாருக்கு எதை மறைக்கணும்?”