ஆடாத ஸ்பேனர்

கடையில் நட்டில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, ஆடாத ஸ்பேனராகத் தேடும்போது கிரீஸ் வாசம் மூக்கில் ஏறி, திருநகரில் இப்போது இல்லாத எங்கள் தகரக் கொட்டகைக்குள் என்னை இழுத்துப்போகிறது. அப்பாவின் பழைய வாடகைக் காரில் இருந்தவை இஞ்சு அளவு நட்டுகள். அவரிடம் இருந்தவையோ மில்லிமீட்டர் ஸ்பேனர்கள். நட்டுக்கும் ஸ்பேனருக்கும் நடுவே விழும் இடைவெளியில், இரும்பறுக்கும் ஹாக்ஸா பிளேடின் உடைந்த துண்டைச் செருகி முறுக்குவார். ஸ்பேனர் வழுக்கி டக்கென்று அடிக்கும்போதெல்லாம் அடுப்படியில் அம்மாவின் கை நின்றுவிடும். அவர் கடைசியாக, திரும்பி வராத அந்த மலைச் சவாரிக்குக் கிளம்பிய காலையில், முன்சக்கரம் மாட்டுகையில் அந்தச் சத்தம் ஓயவேயில்லை.

"சரியான ஸ்பேனர வாங்கி முறுக்கிட்டுப் போங்க, பயமா இருக்கு" என்றாள் அம்மா.

"இம்புட்டு நாளு தாங்கலையா? வந்து வாங்கிக்கிருவோம்" என்று சிரித்த அப்பா, என் கன்னத்தில் கிரீஸைத் தடவினார். "வாரேன், பாப்பா."