கேட்டுக்கு வெளியே மூன்று ஆட்டங்கள்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை. இன்றைக்கு ரெட்டியார்பாளையத்தில் ரோட்டின் மேல் மாடி வீடும், நாலு லாரியும், ஒரு மரவாடியும் இருக்கின்றன என்றால், அதில் ஒரு செங்கல்கூட என் அப்பா வைத்துவிட்டுப் போனதில்லை. எல்லாம் இந்தக் கையால் வந்தது. நான் ஜெயித்த சண்டைகள் என் பேரப்பிள்ளைகளுக்கு மனப்பாடம். இதை மட்டும் அவர்களிடம் சொன்னதில்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பஞ்சாலையில் நூற்புப் பிரிவில் வேலை. ஊரில் ஒரு கல்லூரி இருந்தது, அந்தக் கல்லூரிக்கு ஒரு கால்பந்து டீம் இருந்தது. மில்லுக்காரர்களுக்கு அந்த டீம்தான் சினிமா, திருவிழா எல்லாம். ஆட்டம் நாலரைக்கு என்று போர்டில் எழுதியிருப்பார்கள். ஆனால் மில் சங்கு ஊதி, நாங்கள் தலையில் பஞ்சுத் தூசியோடு ஓடிவந்து கயிற்றோரம் நிற்கிறவரைக்கும் பந்தை உதைக்க மாட்டார்கள். ரெப்ரி கைக்கடிகாரத்தைப் பார்க்க மாட்டார், கேட்டைப் பார்ப்பார். வெளியூர் டீம்கள் முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும். எங்கள் ஊர் வழக்கம் அது. டிக்கெட் இரண்டணா.

அந்த டீமின் கோல்கீப்பர் வைத்திக்குப்பத்துக்காரன். பத்தொன்பது வயது. அவன் அப்பாவும் அண்ணனும் கட்டுமரத்தில் போகிறவர்கள். ஈர வலையை இழுத்து இழுத்துப் பழகிய கை, பந்து வந்து ஒட்டிக்கொண்டால் பிரியாது. குப்பத்திலிருந்து கல்லூரிக்குள் காலெடுத்து வைத்தவன் எனக்குத் தெரிந்து அவன் ஒருத்தன்தான். டீமில் இருக்கிறவரைக்கும் கட்டணம் கிடையாது, விடுதியில் சாப்பாடும் இலவசம். டீமில் இல்லையென்றால் இரண்டும் இல்லை. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருஷம் ஆட்டங்கள் தொடங்கும்போது டிக்கெட் நாலணா ஆயிற்று. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. டீமைப் பார்த்துக்கொண்ட விளையாட்டு வாத்தியார் ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர். கேட்டால், “மேலிடத்து உத்தரவு” என்று மட்டும் சொன்னார். போதாதா? அன்று சாயங்காலமே டீக்கடையில் ஆரம்பித்துவிட்டது.

“சொல்தா புது சைக்கிள்ள போறாரு, பாத்தியா?”

“பாத்தேன். அந்த பெல்லு நம்ம காசு. கிணிங் கிணிங்னு நம்மளத்தான் திட்டுது.”

“கோலுக்குப் பின்னால செங்கல் வேற எறக்கிக்கீறான். கேலரி கட்டப் போறானாம். பெரிய ஊட்டு ஆளுங்க குந்தறதுக்கு.”

“அப்ப நாம?”

“நாம வெயில்ல நின்னு அவுங்களுக்கு விசிறி போடலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதற்கு முந்தைய வருஷம்தான் மில்லில் ஒரு மேஸ்திரி ஆளை அறைந்ததற்காக நான் கேட்டை மறித்திருந்தேன். ஒரு ஷிப்டும் உள்ளே போகவில்லை. மூன்றாம் நாள் முதலாளியே காரில் வந்து இறங்கி என்னிடம் பேசினார். மூன்றாம் வகுப்பு படித்தவனிடம். அந்தப் பெருமை உடம்பில் ஊறியிருந்தது. டீக்கடை பெஞ்சில் ஏறி நின்று சொன்னேன்: “மூணு ஆட்டம். ஒரு ஆளு உள்ள போவக் கூடாது. மூணாவது ஆட்டத்துல அவனுங்களே எறங்கி வருவானுங்க.”

முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள் கோல்கீப்பரின் அம்மா எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவந்தாள். வாரம் இரண்டு நாள் வருகிறவள்தான். கூடையை இறக்கி வைத்தாள், விலை சொல்லவில்லை.

“இன்னாய்யா, ஆட்டத்துக்கு யாரும் போவக் கூடாதுன்னியாமே?”

“ரெண்டணாவா எறக்குற வரைக்கும் போவ மாட்டோம்.”

“எம்புள்ள படிப்பு அந்தப் பந்துலதான்யா கீது.”

“உம்புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது. இப்பிடியொரு கோல்கீப்பரை எவன் உடுவான்? டீம் இல்லாட்டி அந்தக் காலேஜுக்கு பேரு ஏது? நாளைக்கி என் பேரைச் சொல்லுவே பாரு.”

அவள் கூடைக்குள் கையை விட்டுத் துழாவினாள். பிறகு நல்லதாக இரண்டு சங்கரா மீனை எடுத்து எங்கள் வீட்டு முறத்தில் போட்டாள். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எதற்கு அந்த மீன் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. குழம்பு நன்றாக இருந்தது.

முதல் ஆட்டம் எங்களுக்குக் கொண்டாட்டம். சங்கு ஊதியதும் முந்நூறு பேர் கேட்டுக்கு வெளியே கூடினோம். ஒருத்தன் தகர டப்பா தட்டினான். ரெப்ரி வழக்கப்படி எங்களுக்காகக் காத்திருந்தார், நாங்கள் வரவில்லை என்று தெரிந்துதான் விசில் அடித்தார். பாதி ஆட்டத்தில் சொல்தா வெளியே வந்தார்.

“உள்ள வாங்கப்பா. ரெண்டணாவே குடுங்க. மீதிய நான் போட்டுக்குறேன்.”

நான் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன். “கேட்டுக்கினீங்களா? கையில இல்லாமலா போட்டுக்குறேங்கிறாரு?”

ஒரே கூச்சல். அவர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “தம்பி, மேலேந்து பாக்குறாங்க. வேணாம்.”

“எவன் பாத்தா எனக்கின்னா முசியே?” பிரெஞ்சுக்காரன் ‘ஐயா’ என்பதை வேண்டுமென்றே கடைசியில் ஒட்டினேன்.

அவர் பட்டாளத்துக்காரர்கள் திரும்புகிற மாதிரி திரும்பி உள்ளே போனார்.

இரண்டாம் ஆட்டத்தில் நானும் மேலே பார்த்தேன். கல்லூரியின் மாடி வராந்தாவில் முதல்வர் நின்றிருந்தார். பக்கத்தில் வெள்ளைக் கால்சட்டை போட்ட ஒருத்தர் பெரிய காகிதம் ஒன்றைக் கைப்பிடிச் சுவரில் விரித்து, காற்றில் பறக்காமல் அழுத்திக்கொண்டிருந்தார். இருவரும் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. முதல்வர் எங்களைப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே நின்ற அத்தனை பேரையும் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நிதானமாகப் பார்த்தார். பிறகு கையை நீட்டி மைதானத்தின் குறுக்கே ஏதோ காட்டினார். வெள்ளைக் கால்சட்டைக்காரர் தலையாட்டினார்.

“பயந்துட்டான்” என்றேன். ஆளுக்கு ஆள் அதையே சொன்னோம். கம்பி வழியாகப் பார்த்தபோது ஒரு பக்கத்துச் சுண்ணாம்புக் கோடு போடாமலே விட்டிருந்தது. கோலுக்குப் பின்னால் செங்கல் இரண்டு மடங்காகியிருந்தது. கயிற்றோரம், நாங்கள் நிற்கிற இடத்தில், காக்கைகள் நடந்துகொண்டிருந்தன. எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் முந்நூறு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது ஒரு மாதிரியாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

மூன்றாம் ஆட்டத்தன்று சங்கு ஊதியதும் நடந்துதான் போனோம், ஓடவில்லை. எப்படியும் காத்திருப்பார்கள். கல்லூரித் தெருவில் திரும்பும்போதே பந்து உதைபடும் சத்தம் கேட்டது. நான் நின்றுவிட்டேன். என் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். சரியாக நாலரைக்கு ஆரம்பித்திருக்கிறார்கள். சங்குக்குக் காத்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்து அதற்கு முன் ஒருநாளும் அப்படி நடந்ததில்லை.

அன்றைக்கு யாரும் டப்பா தட்டவில்லை. கேட்டின் கம்பிக்கு உள்பக்கம் சாக்குப் படுதா கட்டியிருந்தார்கள். ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. ஆட்டம் முடிகிற நேரத்தில் நீளமாக ஒரு விசில். அப்புறம் எதுவும் இல்லை. ஓடிவருகிற காலடி நாலைந்து. பந்து உதைபட்டது. உடனே இன்னொரு சத்தம், மெத்தென்று. அதோடு சரி. கத்த உள்ளே ஆள் இல்லை.

“கோலா?” என்று ஒருத்தன் என்னைக் கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்?

திங்கட்கிழமை கேட்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. எனக்கு அவ்வளவு வேகமாகப் படிக்க வராது. கல்லூரிப் பியூனைப் படிக்கச் சொன்னேன். பார்வையாளர் ஆதரவு இல்லாததால் கல்லூரியில் கால்பந்து இந்த மாதத்தோடு நிறுத்தப்படுகிறது, மைதானத்தில் ஆய்வுக்கூடம் கட்டப்படும் என்று படித்தார்.

“எங்க பேரு எதுனா போட்டுக்கீதா?” என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான்.

“போடலை” என்றார் பியூன். “போடணுமா?”

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மறுநாளே இருநூறு பேரைக் கூட்டிக்கொண்டு, ஆளுக்கு நாலணாவைக் கையில் பிடித்தபடி போனேன். கேட் பூட்டியிருந்தது. “ஆட்டமே இல்லியே, எதுக்கு டிக்கெட்டு?” என்று பியூன் உள்ளேயிருந்தபடியே கேட்டார். நாலணாவை மடியில் முடிந்துகொண்டு திரும்பினோம்.

சொல்தா பிறகு டீக்கடையில் என் எதிரில் உட்கார்ந்து சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நிர்வாகம் அந்த வருஷத்தோடு டீமுக்குச் செலவு செய்வதை நிறுத்திவிட்டதாம். வேண்டுமென்றால் டிக்கெட்டில் வருவதை வைத்து நடத்திக்கொள், ஆள் வராவிட்டால் மூடிவிடுகிறோம், வெளியே மூச்சு விடாதே என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நாலணா அதற்குத்தான். சைக்கிள் எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். டவுனில் வாடகை கட்டுப்படியாகாமல் கருவடிக்குப்பத்துக்கு வீடு மாறியிருந்தாராம். தூரம்.

மில்லில் கேட் காலியாக இருந்தால் முதலாளிக்கு நஷ்டம். அந்த ஒரு பாடம்தான் எனக்குத் தெரியும். கேட் காலியாக வேண்டும் என்று உள்ளே இருப்பவனே காத்திருப்பான் என்று எனக்கு எவனும் சொல்லித் தரவில்லை.

மாதக் கடைசியில் கோல்கீப்பர் தகரப் பெட்டியோடு விடுதியை விட்டு வந்தான். நான் மேஸ்திரியிடம் பேசி அவனை மில்லில் பதிலி ஆளாகச் சேர்த்துவிட்டேன். அந்தக் காலத்தில் அது லேசு இல்லை, என் ஒரு வார்த்தைக்கு நடந்தது. அவன் அம்மா அதன் பிறகு எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரவில்லை.

பக்கத்துப் பக்கத்து மிஷினில் நின்றோம். அவன் என்னிடம் முகம் கோணியதே இல்லை, அதுதான் தாங்கவில்லை. ஒருநாள் சங்கு ஊதி வெளியே வரும்போது கேட்டுவிட்டேன்.

“அந்த மூணாவது ஆட்டத்துல, கடைசியா நீட்டா ஒரு விசில் அடிச்சானே?”

“பெனால்டிண்ணே.”

“கோலா?”

“புடிச்சுட்டேன்.” புருவத்தில் ஒட்டியிருந்த பஞ்சைத் துடைத்தான். “புடிச்சுட்டு கயித்தோரம் திரும்பிப் பாத்தேன். பழக்கம்ணே.”

அவ்வளவுதான் சொன்னான். சைக்கிள்களுக்கு நடுவே புகுந்து கடல் பக்கம் போய்விட்டான். அன்றைக்கு முந்நூறு பேரை நான் அந்தக் கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்தேன். ஒருத்தன்கூட என் பேச்சை மீறி உள்ளே போகவில்லை.