எச்சில் தொடாத கண்டக்டர்

“யாருங்க அது இருமுனது? கையத் தூக்குங்க பாப்போம்.”

இன்று பதினேழாம் நம்பர் பேருந்தில் ஏறியதும் சந்திக்கக் கிடைத்த மனிதர் இவர்தான். கண்டக்டர். முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிய, கூட்டத்துக்குள் கழுத்தை நீட்டித் தேடிக்கொண்டிருந்தார். ஒரு பெரியவர் பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையைத் தூக்கினார். தோள்பைக்குள்ளிருந்து துவைத்து மடித்த கைக்குட்டை ஒன்று வெளியே வந்தது.

“வாய மூடி இருமுங்கய்யா. திருப்பித் தர வேணாம், நீங்களே வெச்சுக்குங்க. அப்படியே ஜன்னலோரம் நகந்து, கண்ணாடியத் தெறந்து விடுங்க.”

“மழை பெய்யுதேப்பா!”

“மழைல நனைஞ்சா காஞ்சிடும்ங்கய்யா.”

பேருந்தே சிரித்தது. இந்தத் தடத்தில் அவருக்குப் பெயரே ‘கைக்குட்டை’தான். கல்லூரிக்குப் போகும் பெண் ஒருத்தி பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். “கைக்குட்டை அண்ணே, எனக்கு விக்கல். எந்த சீட்ல உக்காரணும்?”

“எங்க வேணா உக்காரும்மா. விக்கல் ஒட்டாது.”

கண்டக்டர் என்றால் கட்டை விரலை நாக்கில் ஒரு தொடு தொட்டு, சர்ரென்று டிக்கெட் கிழிக்க வேண்டும். உலக வழக்கம் அது. இவர் மட்டும் மாட்டார். பேங்கில் நோட்டு எண்ணுகிறவர்கள் வைத்திருப்பார்களே ஈரப் பஞ்சு, அதில் ஒரு துண்டை பாட்டில் மூடிக்குள் அமுக்கி, கம்பியால் பையின் வாரோடு கட்டி வைத்திருக்கிறார். விரல் அதில்தான் படும். விசில் ஊத மாட்டார். தகரத்தில் இரண்டு தட்டு தட்டினால் வண்டி கிளம்பும். டீ குடிக்க வீட்டிலிருந்து சொந்த டம்ளர். பல வருடமாகச் சேர்ந்தே வண்டி ஓட்டும் டிரைவர் இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கேட்பார்: “ஏன் மாப்ளே, நீ கண்டக்டரா கம்பவுண்டரா?”

தன் உயிருக்குப் பயந்த மனிதர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. வீட்டில் அவருக்கு ஏழு வயதில் ஒரு மகள். ஓடிக்கொண்டிருந்தவள் நடந்தாள், நடந்துகொண்டிருந்தவள் இப்போது சுவரைப் பிடித்துத்தான் நிற்கிறாள். தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற நோய். பிறக்கும்போதே ஜீனில் இருந்த ஒரு பிழை. அதற்கு ஒரு மருந்தைப் பரிசோதித்துக்கொண்டிருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சி டாக்டரம்மா அதை இவருக்குப் புரியும்படி சொன்னார். இவர் அதை டிரைவருக்கு இன்னும் புரியும்படி சொன்னார்.

“மாப்ளே, வைரஸ்னா எல்லாமே வில்லன் இல்லடா. சாதுவா ஒரு வைரஸ் இருக்காம். ஒடம்புக்குள்ள வரும் போகும், யாரையும் ஒண்ணும் செய்யாது. அதப் புடிச்சு, அதுக்குள்ள இருக்கற சரக்க மொத்தமா எறக்கிட்டு, பாப்பாவுக்குத் தப்பா இருக்கற ஜீன் இருக்குல்ல, அதுல சரியானது ஒண்ண ஏத்தி விடறாங்க. பஸ் அதே பஸ்தான். பாசஞ்சர்தான் வேற. நேரா தசைக்குப் போய் எறக்கி விட்டுடும்.”

“அப்போ நம்ம டிபார்ட்மென்ட்னு சொல்லு!”

“ஆமாடா. ஆனா ஒண்ணு. அந்த பஸ்ஸ ஒடம்பு முன்னாடியே ஒருதடவ பாத்திருந்தா போச்சு. நம்பரப் பாத்ததுமே கல்லெறிய ஆரம்பிச்சிடும். மருந்து எறங்கறதுக்குள்ள வண்டி காலி.”

விஷயம் அவ்வளவுதான். அந்தச் சாது வைரஸ் ஊரில் சாதாரணச் சளியோடு சளியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. குழந்தையை அது தொட்டால் அவளுக்கு ஒரு தும்மல்கூட வராது. ஆனால் அவள் ரத்தம் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அப்புறம் அந்த மருந்தை அவளுக்கு யாரும் தர முடியாது. முதல் ரத்தப் பரிசோதனையில் அவள் ரத்தத்தில் அந்த ஞாபகம் இல்லை. அடுத்து மருந்து கொடுக்கப்போகும் குழந்தைகளில் அவளுக்கும் ஒரு இடம் என்றார்கள். அதுவரை ரத்தம் இப்படியே இருக்க வேண்டும்.

அன்றைக்கு ஆரம்பித்தது இந்த மனிதரின் யுத்தம்! ஊரார் இருமலை எல்லாம் நாளெல்லாம் மூச்சில் வாங்குகிற வேலை. அதை விட்டால் சோறில்லை. அதனால் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகத்தான் நுழைவார். குளியலறையிலேயே சட்டையை வாளிக்குள் முக்கிவிட்டுத்தான் மனைவியிடமே பேசுவார். முன்னறையில் தனியாகப் படுக்கை. சொந்த வீட்டிலும் முகக்கவசம். கூடப்பிறந்த அக்கா ஒருநாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள். கேட்டைத் திறக்கவே இல்லை இவர். “உன் வாசப்படிய இனி மிதிச்சா என்னன்னு கேளுடா” என்று கத்திவிட்டுப் போனவள் போனவள்தான். மகளைத் தூக்கிக் கொஞ்சியது அவருக்கே மறந்துபோன பழைய கதை.

ஆனால் சாயங்காலம் ஒரு விளையாட்டு உண்டு. அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். பக்கத்தில் ஒரு நாற்காலியில் பொம்மைகள். இவர் அறை வாசலிலேயே நின்று குரல் கொடுப்பார்.

“டிக்கெட், டிக்கெட்! யாருக்கு எந்த ஊரு?”

“ஊசி ஊருக்கு ஒண்ணு குடுங்க கண்டக்டரே.”

ஊசி போட்டுக் காலைச் சரிசெய்யும் ஊர் அது. அவளே வைத்த பெயர். இவர் பஞ்சைத் தொட்டு, பழைய கட்டிலிருந்து ஒரு டிக்கெட்டைக் கிழித்து, மரஸ்கேலின் நுனியில் வைத்து நீட்டுவார். அவள் எட்டிப் பறித்துக்கொள்வாள். பறித்த கையோடு பொம்மைகளை அதட்டுவாள்: “இருமறவங்கல்லாம் ஜன்னலோரம் போங்க!”

இரண்டாவது பரிசோதனைக்கு இந்த வாரம் ரத்தம் எடுத்திருந்தார்கள். இன்று மதியம், வண்டி கடைசி நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. டிரைவர் டீயைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. அந்த வைரஸைக் குழந்தையின் உடம்பு பார்த்துவிட்டது.

“அவளுக்கு சளியே புடிக்கலயே டாக்டர். ஒரு தும்மல்கூட இல்லயே.”

“வந்தாலும் தெரியாதுங்க. அதோட குணமே அதுதான். உங்க மேல தப்பே இல்ல. காத்துல வர்றத யாரால நிறுத்த முடியும்?”

“கொஞ்ச நாள் பாத்தா கொறஞ்சிடுமா?”

“இது சட்டுனு கொறையறது இல்லங்க.”

“வேற பஸ்ஸு எதுவும் இல்லயா டாக்டர்?”

“வேற வைரஸ வெச்சும் முயற்சி நடக்குதுங்க. இன்னும் எலிகளத் தாண்டல. வருஷக்கணக்கா ஆகும்.”

“பாப்பாவுக்கு அவ்வளவு வருஷம்…”

பேசி முடித்ததும் போனைத் தோள்பைக்குள் போட்டார்.

“நீ எறங்கி வீட்டுக்குப் போ மாப்ளே, நான் ஆபீஸ்ல சொல்லிக்கறேன்” என்றார் டிரைவர். இவர் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார். வண்டி கிளம்பியது.

அடுத்த நிறுத்தத்திலேயே யாரோ இருமினார்கள். பழக்கத்தில் எல்லாத் தலைகளும் கண்டக்டர் பக்கம் திரும்பின. அவர் கம்பியைப் பிடித்தபடி முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இவரா? போன மாதம் நின்றுகொண்டே தும்மினாரே, அவரா? கைக்குட்டை வேண்டாம் என்று முறைத்த அந்த அம்மாவா? பார்த்துக்கொண்டே வந்த கண் சட்டென்று ஜன்னல் கண்ணாடியில் நின்றது. அங்கே தெரிந்தது அவர் முகம்தான். ஊரெல்லாம் இருமலைத் துரத்திவிட்டு, அதை வீடுவரை பத்திரமாக ஏற்றிக்கொண்டு போன வண்டி தானேதானோ? முகக்கவசத்துக்குள் வாய் கோணியது. யாருக்கும் தெரியவில்லை.

பதினேழாம் நம்பரில் போகிறவர்கள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் தயவுசெய்து இதை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். நாளைக்கு அவர் கைக்குட்டை நீட்டாவிட்டால், “என்னண்ணே, இன்னிக்கு சளிக்கு லீவா?” என்று ஒருவரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அவர் ஏதாவது வேடிக்கையாகத்தான் பதில் சொல்வார். அதைக் கேட்க முடியாது.

சாயங்காலம் அவர் முன்வாசல் வழியாகவே வீட்டுக்குள் போனார். போனில் ஏற்கெனவே செய்தியைக் கேட்டுவிட்ட மனைவி, குளித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லவில்லை. கதவை விட்டு ஒதுங்கி வழி விட்டாள். அவர் முகக்கவசத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு மகளின் அறை வாசலைத் தாண்டினார். பொம்மைகளைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, முட்டியோடு முட்டி இடிக்க அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

“அப்பா! உங்க மீசை வெள்ளையாயிடுச்சு!”

“ஆமாம்மா.”

“மாஸ்க் போடல. குளிக்கல. உள்ள வந்துட்டீங்க.” ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலாக மடக்கிக்கொண்டே வந்தவளின் முகம் அப்படியே மலர்ந்தது. “அப்போ மருந்து வந்துடுச்சாப்பா?”

சமையலறையில் குழாய் முழு வேகத்தில் திறந்துகொண்டது.

“மொதல்ல டிக்கெட் எடுங்க,” என்றார் கண்டக்டர். “எந்த ஊரு?”

“ஊசி ஊருக்குத்தான்! ஒண்ணு!”

அவர் டிக்கெட் கட்டைக் கையில் எடுத்தார். பையின் வாரில் பஞ்சு ஈரமாகத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டை விரலை நாக்கில் வைத்தார். கிழித்தார். அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார்.