எலியின் வலது, என்னுடைய வலது

வேலையில் சேர்ந்த மூன்றாவது மாதம், ஆறு எலிகளின் மூளையை இடம் வலம் மாற்றி வைத்துவிட்டேன்.

எங்கள் ஆய்வகத்தில் அல்சைமர் மறதி நோயைப் பற்றி ஆராய்கிறோம். அந்த ஆறில் மூன்று, நோயின் கூறுகள் வரும்படி மரபணு மாற்றிய எலிகள். மூன்று சாதாரண எலிகள். ஒரு வருடத்துக்கு மேல் வளர்த்தவை. மூளையைப் பிளந்து வலது பாதியை உடனே திரவ நைட்ரஜனில் போட வேண்டும். அசிட்டைல்கோலின், செரட்டோனின் என்று நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் ரசாயனங்களை, உறைந்த அந்தப் பாதியைப் பொடித்துத்தான் அளப்போம். தாமதித்தால் சிதைந்துவிடும். இடது பாதி ஃபார்மலினுக்கு.

ஏம்பலத்தில் எங்கள் வீட்டில் சோத்தாங்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம்தான். வலது, இடது கிடையாது. குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எம்.எஸ்சி. முடித்தும், அவசரத்தில் மனசு கையைத்தான் பார்க்கிறது. அன்றும் என் சோத்தாங்கைப் பக்கம் இருந்த பாதியை நைட்ரஜனில் போட்டேன். மண்டையோட்டிலிருந்து விழுந்த மூளை மல்லாக்கக் கிடந்தது. அப்படிக் கிடந்தால் என் வலது, எலிக்கு இடது. நோட்டில் படம் வரையும்போதுதான் உறைத்தது.

சீனியர் டெக்னீஷியன் செல்வம் அண்ணனிடம் முதலில் சொன்னேன்.

"வாய மூடிக்கினு இரு மா. ப்ரொபேஷன்ல கீற நீ. பொடிச்சிட்டா எந்தப் பக்கம்னு யாருக்குத் தெரியப் போவுது? எலி இன்னா, சோத்தாங்கைல சோறா துன்னுது?"

சிரித்துவிட்டேன். ஆனாலும் வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே, ஆய்வகத்தை நடத்தும் மேடத்தின் அறைக்குப் போனேன்.

மேடம் திட்டவில்லை. ஆறும் மாறியதா, சிலது மட்டுமா என்றுதான் கேட்டார். ஆறையும் ஒரே மாதிரி வைத்துத்தான் வெட்டினேன் என்றேன். ஃபார்மலின் பாட்டில்களைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொரு பாதியாக எடுத்து, தட்டையான உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். ஆறும் வலது.

"தப்ப ஒழுங்கா பண்ணியிருக்க. அதான் பொழச்ச."

நோயுள்ளதிலும் இல்லாததிலும் இடது பாதியையே அளப்பதால் இந்த ஆறையும் ஒன்றோடொன்று ஒப்பிடலாம். வலது பாதியை அளந்த முந்தின பேட்ச்சோடு மட்டும் சேர்க்கக் கூடாது, அதில் நோயுள்ள எலிகள்தான் அதிகம் என்று விளக்கினார். பிறகு சொன்னார்:

"நீ சொல்லலன்னா சேத்திருப்பேன். பக்கத்தால வர்ற வித்தியாசத்த நோயால வந்ததுன்னு எழுதியிருப்பேன்."

நடந்ததை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கீழே மேடமும் போட்டார்.

புதிதாகச் சேரும் தங்கைகளே, தப்பு நடந்தால் சாம்பிளைப் பொடிப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அந்த ஆறு எலிகளையும் மேடம் தூக்கிப் போடவில்லை. என்னையும்தான்.